எனக்குப் பசி வந்துருச்சுன்னு சொல்லு

என் பசியை எடுத்துக்கிட்டுப் போனது அந்த ஆள்தான், தம்பி. அதோ, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கழுத்துல குழாயை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, அவரேதான். பசியோட விட்டாரா? இல்லை. என் தொழிலைக் கெடுத்தார். என் வீட்டு அடுப்பை அணைச்சார். கடைசியில என் வீட்டுக்காரியையே ஊரை விட்டு அனுப்பிட்டார். இன்னைக்கு நான் மருந்துச்சீட்டு வாங்க வரலை. நியாயம் கேட்க வந்திருக்கேன்.

நீங்க ஏன் நிக்கிறீங்க? உட்காருங்க. கழுத்துப்பட்டை கட்டி, இவ்வளவு பெரிய பையையும் தூக்கிக்கிட்டு. மருந்துக் கம்பெனிக்காரர்தானே? தெரியும். உங்களையெல்லாம் கடைசியாத்தான் உள்ள விடுவாங்க. என் டோக்கனும் கடைசிதான். நானே கேட்டு வாங்கினேன். முன்னால போனா, வெளிய இன்னும் ஆளுங்க நிக்குதுன்னு சாக்குச் சொல்லி ரெண்டு வார்த்தையில தள்ளி விட்டுருவார். எனக்குப் பின்னால ஆளே இருக்கக் கூடாது. நீங்க இருக்கீங்க, பரவாயில்லை. உங்களுக்கும் அவசரம் இருக்காது.

பையில அந்த வயித்து ஊசி இருக்குதா? இல்லையா. சளி மருந்தா. சரி, பொழச்சீங்க.

என் பேரு நாச்சிமுத்து. காங்கயத்துல வந்து இடிப்பு நாச்சிமுத்துன்னு கேளுங்க, பஸ் ஸ்டாண்டு பூக்கடைக்காரி வரைக்கும் கை காட்டுவாங்க. பழைய கட்டடத்தை இடிக்கறதுக்கு மொத்தமா விலை பேசி எடுக்கற தொழில். கதவு, கதவு நிலை, தேக்கு உத்தரம், இரும்பு, ஓடு, செங்கல் எல்லாம் எனக்கு. காலி மனை அவங்களுக்கு. சின்ன வயசுல அடுத்தவன் இடிச்ச செங்கல்லைத் தலையில சுமந்தவன் நான். எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. அடி வாங்கினேன், ஏமாந்தேன், அப்புறம் யாரும் என்னை ஏமாத்தாத மாதிரி ஆயிட்டேன்.

அதுக்கு ஒரு முறை வச்சிருந்தேன் தம்பி. விலை பேசப் போற வீட்டுல, விலை முடியற வரைக்கும் பச்சத்தண்ணி தொட மாட்டேன். காலையில ஒண்ணும் சாப்பிடாமத்தான் போவேன். உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால போய் உட்காருவேன். அவங்க மோர் குடுப்பாங்க, வேண்டாம். காப்பி குடுப்பாங்க, வேண்டாம். பேச்சு இழுக்கும். சமையக்கட்டுல தாளிக்கற வாசம் வரும். வீட்டுக்காரருக்கு வயிறு இழுக்க ஆரம்பிக்கும். எனக்கு முன்னால உட்கார்ந்து அவரால சாப்பிடவும் முடியாது, என்னை எந்திரிச்சுப் போன்னு சொல்லவும் முடியாது. எனக்கும் பசிக்கும். பயங்கரமாப் பசிக்கும். ஆனா எனக்குப் பசிச்சா கோவம் வரும். கோவம் வந்தா வாய் வரும். உளுத்துப்போன உத்தரத்துக்கு வைரம் மாதிரி விலை சொல்றீங்களேன்னு நான் ஒரு சத்தம் போட்டா, எதிர்ல இருக்கறவர் எப்படியோ முடிச்சா போதும்னு இறங்கி வந்துருவார். விலை முடிஞ்ச நிமிசம், அம்மிணி, இப்பக் குடுங்க உங்க மோரைன்னு கேட்டு வாங்கிக் குடிப்பேன். அந்த மோர் மாதிரி ஒரு ருசி எங்கயும் கிடையாது.

அப்புறம் வீட்டுக்கு வருவேன். மயிலாத்தா இலையைப் போட்டுருவா. மயிலாத்தாதான் என் வீட்டுக்காரி. அரிசிம்பருப்புச் சோறு, மேல நெய், ஓரத்துல கத்தரிக்காய்க் கடைசல். நான் சாப்பிடற வேகத்தைப் பார்த்துக்கிட்டே நிப்பா. எவனை மொட்டை அடிச்சுட்டு வந்தீங்கன்னு கேப்பா. சொல்ல மாட்டேன். இன்னொரு கரண்டி போடுன்னு சொல்வேன். அவளுக்கு அதுலயே தெரிஞ்சுரும்.

இப்படித் தின்னுதான் உடம்பு போட்டுச்சு, ஒத்துக்கறேன். சக்கரை வந்துச்சு. முட்டி ரெண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனக ஆரம்பிச்சுச்சு. எங்க பொண்ணு பூங்கொடி கோயமுத்தூர்ல இருக்கறா. அவதான் விசாரிச்சு இந்த டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டு வந்தா. நல்ல மனுசர்னு சொன்னா.

நல்ல மனுசர்தான். பேரத்துக்கு மட்டும் வர மாட்டார். இத்தனை கிலோ குறையணும்னார். அதுல பாதி குறைச்சுக்கலாங்க, முடிச்சுக்குவோம்னு சொன்னேன். சிரிக்கிறார். இதுக்கு விலை பேச முடியாதுங்க நாச்சிமுத்துங்கறார். என் வாழ்நாள்ல அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஒரு தாளை எடுத்து வயித்துப் படம் போட்டார். நல்லாத்தான் போட்டார், சுரைக்காய் மாதிரி. வயிறு காலியா இருந்தா அது ஒண்ணைச் சுரந்து மூளைக்கு அனுப்புமாம், கொண்டா கொண்டான்னு. சாப்பிட்டா குடல் வேற ஒண்ணைச் சுரந்து அனுப்புமாம், போதும் போதும்னு. பேரெல்லாம் சொன்னார், என் வாயில நுழையலை. எனக்குப் புரிஞ்சது இதுதான். உள்ள ரெண்டு தரகனுங்க. ஒருத்தன் கொண்டாங்கறவன், ஒருத்தன் போதுங்கறவன். இந்தப் போதுங்கறவன் நிஜத்துல வந்த வேகத்துல கரைஞ்சு போயிருவானாம். ஊசியில இருக்கறது அவனை மாதிரியே வேசம் கட்டின ஆளு. வாரத்துக்கு ஒருக்கா வயித்துத் தோலைப் பிடிச்சுக் குத்திக்கிட்டா, அடுத்த வாரம் வரைக்கும் நகராம உட்கார்ந்து போதும் போதும்னு சொல்லிக்கிட்டே இருப்பான். இரைப்பையும் மெதுவாத்தான் காலியாகும். மூளை நம்பிக்கும். இதுதான் யாவாரம்.

சரிங்க, போலித் தரகனை வச்சு நல்ல தரகனை ஏமாத்தறீங்க, நமக்குத் தெரியாத வேலையான்னு கேட்டேன். அதுக்கும் சிரிச்சார்.

அப்புறம் ஒண்ணு சொன்னார். இதைக் கவனிங்க தம்பி, இங்கதான் அவர் தப்பு இருக்குது. கம்மியாச் சாப்பிடுங்க, ஆனா நேரத்துக்குச் சாப்பிடுங்க. பசிக்கலைன்னு வேளையை விட்டுறாதீங்க. அடுத்த முறை உங்க வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, அவங்ககிட்டயும் நான் பேசணும். இப்படிச் சொன்னார். ஊசி எனக்குத்தானே, அவகிட்ட என்ன பேச்சுன்னு நான் கூட்டிக்கிட்டு வரலை. அவரும் ஒரு தடவை சொன்னதோட விட்டுட்டார். அவ்வளவு முக்கியம்னா ரெண்டு தடவை சொல்லியிருக்கணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. ஒரு வீட்டைக் கிரயம் பண்றவன்கிட்ட வில்லங்கம் இருக்குதுன்னு போற போக்குல ஒரு தடவை சொல்லிட்டுப் போவாங்களா?

முதல்ல ரெண்டு வாரம் குமட்டல். அப்புறம் ஒரு நாள் காலையில எந்திரிச்சு உட்கார்ந்தேன். ஒரே அமைதி. என்ன இது, மோட்டார் நின்னு போன மாதிரி இருக்குதேன்னு பார்த்தேன். எங்க வீட்டு மோட்டார் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. என் மண்டைக்குள்ளதான் ஏதோ நின்னு போச்சு. அதுவரைக்கும் எனக்கே தெரியாது தம்பி, நான் எந்நேரமும் சோத்தை நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்னு. காலையில சாப்பிடறப்ப மத்தியானத்தை நினைப்பேன். மத்தியானம் படுத்தா சாயங்காலம் போண்டாக் கடையை நினைப்பேன். சின்ன வயசுல இருந்து அந்தச் சத்தத்தோடயே இருந்துட்டேன். அது நின்னதும் காதடைச்ச மாதிரி ஆயிருச்சு.

மொதல்ல சந்தோசம்தான். பேன்ட்டெல்லாம் இடுப்புல நிக்கலை. முட்டி நல்லாப் போச்சு. பார்க்கறவங்க எல்லாம் என்ன நாச்சிமுத்து பாதியாயிட்டேன்னாங்க. நான் இன்னொரு கணக்குப் போட்டேன். பசியோட உட்கார்ந்தே இத்தனை பேரை ஜெயிச்சேன். பசியே இல்லாத நாச்சிமுத்தை எவன் ஜெயிப்பான்? சாயங்காலம் வரைக்கும் கல்லு மாதிரி உட்காரலாமேன்னு நினைச்சேன்.

சென்னிமலையில ஒரு வாத்தியார் வீடு. சுப்பராயன்னு பேரு, ரிட்டையர் ஆனவர். நல்ல பர்மாத் தேக்கு. ரெண்டு வருசமா என் கண்ணு அது மேல. போய் உட்கார்ந்தேன். மோர் குடுத்தாங்க, வேண்டாம்னேன், நிஜமாவே வேண்டாம். உள்ள வெங்காயம் வதக்கற வாசம் வந்துச்சு. எனக்கு அது சாம்பிராணி வாசம் மாதிரி ஒரு வாசம், அவ்வளவுதான். வாத்தியார் ஒரு விலை சொன்னார். அநியாய விலை. நான் வாயைத் திறந்தேன். கோவம் வரும்னு பார்த்தேன், வரலை. குடுத்தாத்தான் என்ன, குடுக்காட்டித்தான் என்னன்னு இருந்துச்சு. சரிங்க வாத்தியாரேன்னு சொல்லிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். உள்ள போனார். அவரும் அவர் சம்சாரமும் குசுகுசுன்னு பேசறாங்க. வெளிய வந்து, நாச்சிமுத்து, இந்த வீட்டுல எங்களுக்குத் தெரியாம என்ன இருக்குதுன்னார். ஒண்ணும் இல்லீங்களேன்னேன். நீ பேரம் பேசாம சரிங்கறேன்னா செவுத்துக்குள்ள என்னமோ இருக்குது, உனக்குத் தெரிஞ்சிருக்குது, நான் குடுக்கலைன்னுட்டார். அது மட்டும் இல்லை, நான் போனதுக்கப்புறம் ஆளை வச்சுப் பூசையறைத் தரையைத் தோண்டிப் பார்த்தாராம். தேளு வந்துச்சாம். சிரிக்காதீங்க தம்பி. என் பேரே போச்சு. நாச்சிமுத்துக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு சந்தையில பேச்சு.

சரி, தொழிலை விடுங்க. தொழில் வரும் போகும்.

மயிலாத்தாளைப் பத்திச் சொல்றேன். எனக்கு முன்னால அவ சாப்பிட மாட்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்தே அப்படித்தான். நான் சொன்னதில்லை தம்பி, ஒரு நாளும் சொன்னதில்லை, அவளாப் பழகிக்கிட்டா. அவங்கம்மா அப்படியாம், இவளும் அப்படி. நான் இலையில கை கழுவினதுக்கு அப்புறம்தான் அவ தட்டை எடுப்பா. வெளியூர்ல நின்னுட்டேன்னா மத்தியானம் ஒரு போன் போடுவேன். சாப்பிட்டாச்சுங்களாம்பா. சாப்பிட்டாச்சும்பேன். வச்சுருவோம். அதுக்கப்புறம் அவ சாப்பிடுவா. செல்போன் வந்த காலத்துல இருந்து எங்களுக்குள்ள போன்ல நடந்த பேச்சு அவ்வளவுதான். அதுக்கு மேல என்ன இருக்குது பேசறதுக்கு?

ஊசி போட்டதுக்கப்புறம் மத்தியானத்துல எனக்குச் சாப்பாட்டு நினைப்பே வர்றதில்லை. நினைப்பு வராதப்போ போன் எப்படிப் போடறது? பொழுது சாய வீட்டுக்கு வருவேன். சாப்பிட வர்றீங்களாம்பா. வேண்டாம்பேன். ஒரு வாயாவதும்பா. வேண்டாங்கறேன்ல, வாயில திணிக்கப் போறியான்னு சத்தம் போடுவேன். பார்த்தா சட்டியில அத்தனை சோறும் அப்படியே இருக்கும். ஒருத்தனுக்காக எதுக்கு இத்தனை ஆக்கறே, அரிசி என்ன உங்கப்பன் வீட்டுலயா விளையுதுன்னு அதுக்கும் ஒரு சத்தம் போட்டேன். அப்புறம் கொஞ்சமா ஆக்கினா. அதுவும் மிஞ்சுச்சு. பக்கத்து வீட்டு எருமைக்குப் போயிக்கிட்டு இருந்துச்சு. அது நல்லாக் கொழுத்துருச்சு.

அவ இளைக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. தெரியாம இல்லை. என்னைப் பார்த்து இவளும் வாயைக் கட்டறா போலன்னு நினைச்சேன். பரவாயில்லையே, ஒரு ஊசி விலையில ரெண்டு பேருக்கு வைத்தியம் ஆகுதேன்னு எங்க பழைய மரக்கடையில சொல்லிச் சிரிச்சேன் தம்பி.

ஒரு நாள் பால் வாங்கப் போன இடத்துல பால் சொசைட்டி வாசல்லயே விழுந்துட்டா. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில தூக்கிப் படுக்க வச்சு குளுக்கோஸ் ஏத்தறாங்க. நான் ஓடிப் போய் நிக்கறேன். நர்சம்மா அவகிட்டக் கேக்கறாங்க, ஏம்மா, கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க? இவ கண்ணைத் திறந்து, பக்கத்துல நிக்கற என்னைப் பார்த்துட்டு நர்சம்மாகிட்டச் சொல்றா. அவரு இன்னும் சாப்பிடலைங்க.

அந்த நர்சம்மா திரும்பி என்னைப் பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை. நான் என்னமோ சோத்தைப் பூட்டி வச்ச மாதிரி. எனக்குக் கோவம் வந்துச்சு. யார் மேல வரும்? இந்த டாக்டர் மேலதான் வந்துச்சு. அவர் குத்தினது எனக்கு. விழுந்தது அவ. இந்த மாதிரி ஒரு மருந்தைக் குடுக்கறவர், வீட்டுல இன்னொரு வயிறு இதோட கட்டிக் கிடக்குதான்னு கேட்க வேண்டாமா?

பூங்கொடி வந்தா. வந்ததும் நேரா பீரோவைத் திறந்தா. அம்மாவோட சேலை நாலை எடுத்துப் பையில போட்டா. ஏங்கண்ணு, எங்க கூட்டிட்டுப் போறேன்னேன். ஒரு வாரம் என்கூட இருக்கட்டுங்கப்பா, மணி பார்த்துச் சோறு போடறேன்னா. அப்பவும் மயிலாத்தா என்னைத்தான் பார்த்தா. வேண்டாம், இருன்னு சொல்லுவேன்னு பார்த்தாளோ என்னமோ. நான் சொல்லலை. ஒரு வாரம்தானே, போயிட்டு வரட்டும்னு பெருந்தன்மையா விட்டேன். கார்ல ஏறறப்போ, குண்டாவுல மோர் இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனா.

ஒரு வாரம்னது மூணு மாசமாச்சு.

வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. நான் ஆயிரம் காலி வீட்டுக்குள்ள போயிருக்கேன், அதுதான் என் தொழில். ஆளுங்க காலி பண்ணிட்டுப் போன வீட்டுல சமையக்கட்டுலதான் முதல்ல பூச்சி அடையும். கதவைத் தட்டிப் பார்ப்பேன், உத்தரத்தைச் சுரண்டிப் பார்ப்பேன், எனக்கு ஒண்ணும் தோணாது. என் வீட்டுச் சமையக்கட்டுல போய் நின்னு நான் எதைத் தட்டிப் பார்க்கறது? கொழாயில தண்ணி சொட்டற சத்தம் கேக்குது. இவ இருந்தப்பவும் சொட்டியிருக்கும். கேட்டதில்லை.

நாள் முழுக்க ஒருத்தரும் சாப்பிட்டாச்சான்னு கேக்கறதில்லை. கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லப் போறேன், பசிதான் இல்லையே. ஆனா கேட்டா நல்லா இருக்கும். வேண்டாம்னு சத்தம் போடறதுக்காவது ஒரு ஆள் வேணுமில்ல. ஓட்டல்ல போய் உட்கார்ந்தேன் ஒரு நாள். என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டான் ஒருத்தன். ஒரு காப்பி சொல்லிட்டு அதைக் குடிக்காம எந்திரிச்சு வந்தேன்.

அப்புறம்தான் யோசிச்சேன். பசி போனதால அவ போனா. பசி வந்தா அவ வந்துருவா. எளிய கணக்கு. ஊசியை நிறுத்திட்டேன். யார்கிட்டயும் கேட்கலை. இந்தாளுகிட்டக் கேட்டா விட மாட்டார். மீதி ஊசியெல்லாம் பிரிட்ஜுல கதவோரம் நிக்குது, முட்டை வைக்கற இடத்துல. முட்டைதான் இல்லையே.

உடனே வரலை. அந்த வேசக்காரத் தரகன் மெதுவாத்தான் எடத்தைக் காலி பண்ணினான். பண்ணினான். போன வாரம் ஒரு சாயங்காலம் வெள்ளகோயில்ல ஒரு பழைய அரிசி மில்லுக்கு விலை பேசிக்கிட்டு இருக்கேன். பக்கத்துல எந்த வீட்டுலயோ கடுகு வெடிக்குது, கறிவேப்பிலை விழுகுது. வயித்துக்குள்ள ஒரு பிடி. தம்பி, என் அண்ணன் தம்பி யாரோ ஊர்ல இருந்து திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அடுத்த நிமிசம் கோவம் வந்துச்சு. போட்டேன் பாருங்க ஒரு சத்தம், மில்லுக்காரர் பாதிக்கு இறங்கினார். மோர் குடுத்தாங்க. அங்க குடிக்கலை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்னு ஓடினேன். பழக்கம். கதவைத் திறந்து, இலையைப் போடுன்னு கூடச் சொல்லிட்டேன்.

சொல்லிட்டு நின்னேன்.

சரி, இதுவும் நல்லதுக்குத்தான்னு உடனே போனைப் போட்டேன். மயிலாத்தா நம்பருக்குத்தான் போட்டேன், பூங்கொடி எடுத்தா. அவ எடுத்தா நல்லதுதான், விசயத்தைப் பக்குவமாச் சொல்லுவா. கண்ணு, உங்கம்மாகிட்டச் சொல்லு, எனக்குப் பசி வந்துருச்சுன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், அது போதும், அவளுக்குப் புரியும்னேன். பூங்கொடி போனைக் கீழ எறக்கி, அம்மா, அப்பாவுக்குப் பசி வந்துருச்சாம்னு சொல்றது எனக்குக் கேக்குது. நான் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கறேன். விலை சொல்லிட்டு எதிராளி வாயைப் பார்ப்பமே, அப்படி.

மயிலாத்தா குரல் கேட்டுச்சு. கோவமா இல்லை. நல்லா, தெளிவா, தெம்பா இருந்துச்சு. பசிச்சா சாப்பிடச் சொல்லு கண்ணு, நான் சாப்பிட்டுட்டேன்னு சொல்றா.

இன்னொரு தடவை சொல்றேன், நீங்க சரியாக் கேட்டுக்கங்க. பொழுது இன்னும் முழுசா இருட்டலை. நான் சாப்பிடலை. அவளுக்குத் தெரியும் நான் சாப்பிடலைன்னு. அவ சாப்பிட்டுட்டா.

முப்பது வருசத்துல இல்லாத ஒண்ணு. நான் போனை வச்சுட்டு அப்படியே சமையக்கட்டுப் படியில உட்கார்ந்துட்டேன். வயிறு கொண்டா கொண்டாங்குது. எதைக் குடுக்கறது? பக்கத்து வீட்டு எருமைதான் என்னைப் பார்த்துச்சு, அதுக்குப் பழக்கம்.

உங்க போன் அடிக்குது பாருங்க. எடுங்க, எடுங்க. நான் சொல்றது எங்கயும் ஓடிறாது.

...

வீட்டுலயா? சாப்பிட்டீங்களான்னா கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க, எனக்கு நேரமாகும், நீ சாப்பிட்டுடுன்னீங்களா. அவ்வளவுதானா? கோவிச்சுக்கலையா? சரின்னு வச்சுட்டாங்களா. தினமும் இப்படித்தானா. அட.

இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்கு இந்த வார்த்தை எல்லாம் தெரியாது தம்பி. எங்க பக்கம் சொல்ற வழக்கம் இல்லை. நீ சாப்பிட்டுடு. கேட்க நல்லா இருக்குது. சொல்றதுக்கு வாய் வரணுமே. நான் போனைப் போட்டு அதைச் சொன்னா என்ன நினைப்பா? இந்தாளுக்கு உடம்புக்கு முடியலை போலன்னு பயந்துக்குவா. இல்லைன்னா சிரிப்பா. சிரிச்சுட்டான்னா அப்புறம் நான் என்ன பண்றது?

இது நேராப் பேசிப் படியற யாவாரம் இல்லை. எனக்கு இது நல்லாத் தெரியும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத வீடு எத்தனை எடுத்திருக்கேன். ரெண்டு பேரையும் எதிர் எதிரா உட்கார வச்சா செருப்புதான் பறக்கும். நடுவுல ஒரு ஆள் வேணும். இவன் சொல்றதை அங்க போய்ச் சொல்லி, அவன் சொல்றதை இங்க வந்து சொல்லி, ரெண்டு பேருக்கும் கௌரவம் குறையாம முடிச்சு வைக்கணும். ஊருக்கெல்லாம் நான் போய் நடுவுல உட்காருவேன். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் நடுவுல நானே போய் உட்கார முடியுமா?

அதனாலதான் இந்த டாக்டரைச் சொல்றேன். கெடுத்தவர் அவர். பார்த்து முடிச்சு வைக்க வேண்டியவரும் அவர்தான். படிச்ச மனுசர், அவர் சொன்னா அவ கேப்பா. அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்டப் பேசணும்னு சொன்னாரில்ல, பேசட்டும். இன்னைக்குப் பேசட்டும். ஊசியைத் திரும்பப் போடச் சொன்னா போட்டுக்கறேன். போடாதேன்னா விட்டுடறேன். மணிக்கு மணி ரெண்டு வாய் திங்கச் சொன்னா பசிச்சாலும் பசிக்காட்டியும் தின்னுக்கறேன். அதுல எல்லாம் நான் இனிமே பேரம் பேச மாட்டேன். அவர் சொன்ன விலைதான்.

ஆனா அவர் சொல்ல வேண்டியதை நான் முடிவு பண்ணி வச்சிருக்கேன். வர்ற வழியில பஸ்ல சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன், வாத்தியார்கிட்ட ஒப்பிக்கற மாதிரி.

என்னது சிஸ்டர், நாச்சிமுத்தா? நான்தான். வர்றேன், வர்றேன். தம்பி, எந்திரிக்கக் கையைக் குடுங்க. முட்டி மறுபடியும் முனகுது. நீங்களும் கதவோரமா நில்லுங்க, சாட்சிக்கு ஆள் இருந்தா மனுசன் தட்ட மாட்டார்.

வணக்கமுங்க டாக்டர். உட்காரலைங்க, நின்னுக்கறேன். எடை பார்க்கற மிசின் எல்லாம் அப்புறம். உங்க போனை எடுங்க. என் போன்ல வேண்டாம், என் நம்பர்னா பொண்ணுதான் எடுப்பா. நம்பரை நான் சொல்றேன், மனப்பாடம்தான், தினமும் போட்ட நம்பர். என் வீட்டுக்காரி எடுப்பா. அவகிட்ட நீங்க சொல்லுங்க. அம்மா, எல்லாம் என் தப்புதான்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் சொல்லுங்க, நீங்க அவருக்காகக் காத்திருக்க வேண்டாம், உங்களுக்குப் பசிச்சா நீங்க முன்னால சாப்பிட்டுடுங்க, அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்னு சொல்லுங்க.

ஆனா அதைக் காங்கயத்துக்கு வந்து சாப்பிடச் சொல்லுங்க.